அப்பாவின் கொழுப்பும் கொழுந்துத் தராசும்

அப்பாவின் முதுகை இரண்டு விரல்களால் கிள்ளிப் பிடித்து, ரொட்டி மாவின் பதம் பார்ப்பதுபோல் உருட்டிப் பார்த்துவிட்டு, காவடிக்குச் செடில் கொக்கி குத்துபவர் உதட்டைப் பிதுக்கினார். எங்கள் வீட்டு வாசலில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதிப் பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது இது நடந்தது.

“சரிவராதுங்கண்ணே. சதை எங்க இருக்குன்னே தெரியல. எல்லாம் கொழுப்பு. கொக்கி சதையிலதான் நிக்கும். இதுல குத்தித் தூக்கினா கொக்கி மட்டும்தான் மேல போகும், நீங்க கீழயே நிப்பீங்க.”

“குத்தாமலே எப்புடிங்க சொல்றீங்க?” என்று அப்பா கேட்டார்.

“நான் சலூன் வச்சிருக்கிறவன். பொகவந்தலாவையில உள்ள முதுகெல்லாம் எனக்குத் தெரியும்.”

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தான்கள் வயிற்றுக்கு மேல் வரைதான் ஏறின.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பறவைக் காவடி எடுப்பது அப்பாவின் நேர்த்திக்கடன். முதுகிலும் கால்களிலும் கொக்கிகளைக் குத்தி, டிரெக்டரில் பொருத்திய நீண்ட மரத்திலிருந்து ஆளைக் குப்புறத் தொங்கவிட்டு, தோட்டம் முழுவதும் ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். நான் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம், “எம் மக கம்பஸுக்குப் போயிட்டா நான் பறந்து வந்து ஒன்னைக் கும்புடுறேன் தாயே” என்று அப்பா அம்மனிடம் சொல்லியிருந்தார். நான் போனேன். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துப் பட்டமும் வாங்கினேன். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் நேர்த்தி தள்ளிக்கொண்டே போனது. முதலில் கொரோனா வந்து திருவிழாவே நின்றது. பிறகு அம்மாவின் அண்ணன் இறந்த தீட்டு. அதற்கடுத்த வருடம் நாடு முழுவதும் டீசல் இல்லாமல் டிரெக்டர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அம்மனுக்கும் நாட்டு நிலைமை தெரியும் என்று அப்பா சமாதானம் சொல்லிக்கொண்டார். அதற்குள் நான் பட்டம் வாங்கி, ஆசிரியர் நியமனமும் கிடைத்து, பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டேன். இந்த வருடம் கொரோனாவும் இல்லை, தீட்டும் இல்லை, டீசலும் இருந்தது. தடை அப்பாவின் முதுகிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அது வந்த வழியும் எனக்குத் தெரியும். அப்பா கவ்வாத்துக்காரர். வயதேறிய தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டித் தள்ளும் வேலை அது. கத்தியோடு மலையில் நின்ற காலத்தில் அவர் உடம்பில் கொழுப்பென்று கிள்ளுவதற்கு எதுவும் இருக்கவில்லை. எனக்கு நியமனம் கிடைத்ததும் நான் தோட்டத்து மேனேஜர் துரையிடம் நேரே போனேன். ஆங்கிலத்தில் பேசினேன். ஒரு பட்டதாரியின் தகப்பனாருக்கு இந்த வயதில் மலை வேலை பொருத்தமில்லை என்று எடுத்துச் சொன்னேன். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் காவலாளி வேலை கிடைத்தது. ஒரு கதிரை, ஒரு குடை, ஒரு விசில். அந்தக் கதிரையில் உட்கார்ந்து வருகிற போகிற லொறிகளுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்ததில் வயிறு வளர்ந்தது. அது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. என் சம்பளத்தில் வீடு நன்றாக நடப்பதன் அடையாளமாகத்தான் தெரிந்தது.

செடில்காரர் போகும்போது, “காப்புக் கட்டுறதுக்கு முந்தி ஒருக்கா வந்து பார்க்கிறேன். கொறைஞ்சிருந்தா குத்துறேன். இல்லாட்டி அம்மன்கிட்ட நீங்களே சொல்லிக்கிடுங்க” என்றார்.

அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு அதுவே பெரிய பயம்.

“அம்மன்கிட்ட சொன்ன வார்த்தை” என்றார் அப்பா. “தொழிற்சங்கத்துல சொன்னதா, மாத்திக்கிறதுக்கு?”

நான் எழுந்து நின்றேன். எடை வேறு, கொழுப்பு வேறு என்பதை விளக்கினேன். அப்பாவுக்குத் தேவை எடை குறைவதல்ல, கொழுப்பு குறைந்து தசை கூடுவது என்றேன். செடில்காரர் இதைத்தான் அவருக்கே தெரியாமல் விஞ்ஞானமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றும் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “டீச்சர், எனக்கும் கொழுப்பா சதையான்னு பார்த்துச் சொல்லுங்க” என்றாள். லயத்துச் சுவர்கள் எதையும் மறைப்பதில்லை.

அத்தை மகன் ஹட்டனில் ஜிம் நடத்துகிறான். என்னைவிட மூத்தவன், உயர்தரத்தில் இரண்டு முறை விழுந்தவன், கை மட்டும் என் இடுப்பளவு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் பஸ் ஏறி அவனிடம் போனோம். இரண்டு கைகளாலும் பிடித்தால் உடம்பில் எத்தனை பங்கு கொழுப்பு என்று காட்டும் கருவி ஒன்று அவனிடம் இருந்தது. அப்பா அதை விக்கிரகத்தைத் தூக்குவதுபோல் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாமா, மூணுல ஒரு பங்கு கொழுப்பு” என்றான் அவன்.

அம்மா கவலையாகக் கேட்டாள். “மிச்சம் ரெண்டு பங்கு என்னாப்பா?”

“தண்ணி, எலும்பு, சதை எல்லாம் இருக்கும் அத்தை.”

“வாய்க் கொழுப்பையும் சேர்த்தா காட்டுது?”

“அதுக்கு வேற மெஷின் வேணும் அத்தை. அதுல மொதல்ல டீச்சரத்தான் நிறுத்தணும்.”

அவன் என்னை டீச்சர் என்று கூப்பிடுவது மரியாதைக்கு இல்லை. நான் கவனிக்காததுபோல் அலுமாரியில் இருந்த டப்பாக்களின் ஆங்கில எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றை எடுத்து அவன் அப்பாவின் கையில் வைத்தான். அமினோ அமிலப் பொடி. டப்பாவில் கழுத்தே இல்லாத ஒரு ஆணின் படம்.

“எக்சர்சைஸ் செஞ்சிட்டு இதைத் தண்ணில கலக்கிக் குடிச்சா கொழுப்பு கரைஞ்சிரும் மாமா. சதை அப்புடியே நிக்கும்.”

“அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது” என்றேன் நான். “புரதத்தைக் கட்டுகிற செங்கல் மாதிரி இந்த அமினோ அமிலம். உடற்பயிற்சி செய்யும்போது தசைக்கு உதவலாம். ஆனால் கொழுப்பைக் குறைப்பது பெரும்பாலும் பயிற்சிதான். இது தனியாக எதையும் கரைக்காது. நான் வாசித்த இடங்களில் ஒன்றுக்கொன்று ஒத்த பேச்சே இல்லை.”

“சரி டீச்சர், செங்கல்லு வேணாமா அப்ப?”

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செடில்காரர் கேட்பது தசை. இது தசைக்கான பொருள். அதோடு, டப்பாவில் அச்சிட்டிருந்த நீண்ட பெயர்களை நான் ஒருத்திதான் அந்த ஜிம்மில் தடுமாறாமல் வாசித்தேன். லியூசின், ஐசோலியூசின், வேலின் என்று நான் உரக்க வாசிக்க, அப்பா கையெடுத்துக் கும்பிடாத குறைதான். வாங்கிக்கொண்டு வந்தோம்.

பயிற்சிக்கு ஹட்டன் போய்வர முடியாது. அதனால் வேலை முடிந்ததும் தொழிற்சாலையிலிருந்து மேல் டிவிசன் கோயில் வரை வேகமாக ஏறி இறங்க வேண்டும் என்று நான் சொன்னேன். அப்பாவும் பக்தியோடு ஏறினார். இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் காரணமில்லாமல் மலை ஏறுவதில்லை. வேலைக்கு ஏறலாம், விறகுக்கு ஏறலாம், சாவு வீட்டுக்கு ஏறலாம். சும்மா ஏறுகிறவனைப் பார்த்தால், வீட்டில் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள். முதல் நாளே வழியிலிருந்த லயத்தில் கேட்டிருக்கிறார்கள்.

“எங்கண்ணே போறீங்க இந்த நேரத்துல?”

“சும்மாத்தான்.”

“சும்மாவா? அண்ணி ஏதும் சொன்னாங்களா?”

மறுநாள் முதல் அப்பா காரணத்தோடு ஏறினார். கீழ் லயத்திலிருந்து மேல் லயத்துக்கு யாராவது எதையாவது கொடுத்தனுப்புவார்கள். முருங்கைக் கீரை, தைத்த ரவிக்கை, சார்ஜர், ஒரு நாள் ஒரு சேவல். கொண்டுபோய்க் கொடுத்த வீட்டில் அவரை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? தேத்தண்ணி, சீனி போட்டது. கூடவே ரொட்டி, தேங்காய்ச் சம்பல். இறங்கும்போது பதில் சாமான், அதற்கும் ஒரு தேத்தண்ணி. வீட்டுக்கு வந்து, “நல்லா வேர்த்துப்போச்சு புள்ள” என்பார். நான் திருப்தியாகத் தலையாட்டுவேன். இந்த ரொட்டிக் கதையெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அப்பா இளைக்கிறாரா என்று பார்க்க எடை பார்க்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த தராசு கைக்குழந்தைகளுக்கானது. அதனால் கொழுந்து மடுவத்துக்குப் போனோம். பறித்த கொழுந்தைப் பெண்கள் கொண்டுவந்து நிறுக்கும் கொட்டகை அது. கூரை வளையில் தொங்கும் பெரிய வட்டத் தராசு, அடியில் ஒரு கொக்கி. கணக்கப்பிள்ளை அப்பாவின் பழைய நண்பர். மாலை நிறுவை முடிகிற நேரத்தில், “வாய்யா பறவை” என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். கொழுந்து கட்டும் சாக்குப் படங்கின் நான்கு மூலைகளையும் கொக்கியில் மாட்டி, அதற்குள் அப்பாவை உட்காரவைத்தார்கள். முழங்கால் நாடியில் இடிக்க, தொட்டில் பிள்ளைபோல் அப்பா ஆடினார். கொழுந்து கொண்டுவந்த பெண்கள் ஆராரோ பாடத் தொடங்கிவிட்டார்கள். நான் பாடசாலையிலிருந்து நேரே வந்தவள், சேலை கசங்காமல் கொட்டகைக்கு வெளியே, தராசின் பின்பக்கம் குடை பிடித்து நின்றேன். கணக்கப்பிள்ளை எடையை உரக்கச் சொன்னார்.

வாரம் ஒரு முறை இப்படித் தொங்கினார். ஆரம்பத்தில் எடை அசையவில்லை. பிறகு பின்னேர மழை பிடித்தது. அப்பா மலையிலிருந்து நனைந்துகொண்டே இறங்கி வந்து படங்கில் ஏறுவார். கணக்கப்பிள்ளை சொல்லும் எடை குறைந்தது. அடுத்த வாரம் மழை வலுத்தது, எடை இன்னும் குறைந்தது.

என் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. வகுப்பில் புரதம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் அமினோ அமிலத்தின் அமைப்பை வரைந்து, இது உடற்பயிற்சியோடு சேர்ந்து ஒரு மனித உடலில் என்ன செய்யும் என்பதற்கு நம் தோட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது என்றேன். பிள்ளைகள் மாலையில் தொழிற்சாலை வாசலுக்குப் போய் உதாரணத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அத்தை மகனுக்கு விஷயம் போனதும், அப்பா கருவியைப் பிடித்து நின்ற பழைய படத்தைத் தன் ஜிம்மின் முகநூல் பக்கத்தில் போட்டு, ‘விரைவில் அடுத்த படம்’ என்று எழுதிவிட்டான்.

அப்பாதான் கொஞ்சம் சந்தேகமாக இருந்தார். “எடை கொறையுதுங்கிற. கால்சட்டை இன்னும் பூட்ட முடியலையே?”

“முதலில் உள்ளே இருக்கிற கொழுப்புதான் குறையும்” என்றேன். அப்படி ஒரு விஷயம் உண்டுதான். எந்த இடத்தில் சொன்னேன் என்பதுதான் கேள்வி.

அடுத்த நிறுவையன்று காற்றோடு மழை. என் குடை மடங்கிப்போனதால் ஒதுங்க இடம் தேடி, முதல் தடவையாகத் தராசுக்கு முன்பக்கம் போய் நின்றேன். அம்மாவும் அன்று தன் கொழுந்தை நிறுத்துவிட்டு அங்கேயே நின்றிருந்தாள். அப்பா சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்தார். முள் போய் நின்ற இடத்தை நான் பார்த்தேன். கணக்கப்பிள்ளை வாயால் சொன்ன எடை அது இல்லை.

“ஐயா, முள்ளு ஒண்ணு காட்டுது, நீங்க ஒண்ணு சொல்றீங்களே?”

“கழிவு போகத்தான் சொல்றது டீச்சர்.”

“என்ன கழிவு?”

“படங்குக்கு ஒரு கழிவு. நனைஞ்சு வந்திருக்காருல்ல, தண்ணிக்கு ஒரு கழிவு. மழை கூடுனா கழிவும் கூடும். இது தெரியாதா ஒங்களுக்கு?”

தெரியாமல் என்ன? நான் பிறந்த நாள் முதல் எங்கள் வீட்டில் மாலைப் பேச்சு என்பதே அந்தக் கழிவுதான். இன்றைக்கு இத்தனை கிலோவைத் தண்ணிக்கென்று வெட்டிவிட்டான் என்று அம்மா திட்டாத நாளில்லை. அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் பாடம் படித்தேன். அந்தக் கழிவு என் அப்பாவுக்கும் விழும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் எடை குறையவே இல்லை. கழிவைக் கூட்டிப் பார்த்தால், முதல் நாளைவிட ஏறியிருந்தது.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஐயா, அண்ணேல முத்தல் இலையும் கெடக்கு. அதுக்கும் கழிங்க!” என்றாள் ஒருத்தி.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தாள்.

“இத்தனை வருஷமா என் கொழுந்துல கழிச்சீங்க. பொறுத்துக்கிட்டேன். இப்ப என் புருஷன்லயும் கழிக்கிறீங்களா?”

கணக்கப்பிள்ளை, “பழக்கத்துல வந்துருச்சும்மா, கை தானா வெட்டுது” என்றார். அப்பா இன்னும் படங்குக்குள்தான் ஆடிக்கொண்டிருந்தார். “யாராவது எறக்கி விடுங்களேன்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பொடி டப்பாவைத் திறந்து பார்த்தேன். கிட்டத்தட்டக் காலி. ஒழுங்காகக் குடித்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே என்று அப்பாவைக் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

“தண்ணில கலக்கினா வாயில வைக்க முடியலடி, அப்புடி ஒரு கசப்பு” என்றாள் அம்மா. “அதான் கிளினிக்குல புள்ளத்தாச்சிங்களுக்குக் குடுப்பாங்களே சத்து மாவு, அது மாதிரி வறுத்த அரிசி மாவு, தேங்காப்பூ, சீனி எல்லாம் போட்டு உருண்டை புடிச்சேன். அப்பவும் கசந்துச்சு. சீனிய இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அப்பறம்தான் எறங்குச்சு.”

“எத்தனை உருண்டை சாப்பிட்டார்?”

“மருந்துதானேன்னு நெறையத்தான் குடுத்தேன். ஒனக்கும் டிபன்ல வச்சேனே. நல்லாருக்குன்னு சொன்ன?”

சொன்னேன். பாடசாலையில் மற்ற ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணித ஆசிரியை செய்முறைகூடக் கேட்டார். எங்கள் லயங்களில் பொடியாக வருகிற சத்து எதுவானாலும் உருண்டையாகித்தான் வயிற்றுக்குள் போகும். அதைக் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து, எங்கள் அம்மாக்கள் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பிறகு அப்பாவே மலைவழி ரொட்டிகளையும் தேத்தண்ணிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோது என் பட்டத்தின் கனம் குறைந்துகொண்டே வந்தது. அதற்கு யாரும் கழிவு போடவில்லை.

காப்புக் கட்டுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு, பரணில் இருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டத் தொடங்கினார்.

“என்னப்பா இது?”

“தொரைகிட்ட கேட்டுட்டேன். கவ்வாத்துக்கு ஆள் இல்லாம கெடக்காம். பொடியனெல்லாம் கொழும்புக்குப் போயிட்டானுங்க. திருவிழா வரைக்கும் கவ்வாத்துக்குப் போயிட்டு, அப்பறம் வாசலுக்கு வந்துர்றேன்னேன். சரின்னுட்டாரு.”

நான் துரையிடம் ஆங்கிலத்தில் அரை மணி நேரம் பேசி வாங்கியதை, அப்பா சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசி மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். என் அப்பா இனிக் கத்தி தூக்கவேண்டியதில்லை என்று நான் பல்கலைக்கழகத் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளிடம், படித்தால் வீட்டில் என்ன மாறும் என்பதற்கு அந்தக் கதிரையைத்தான் காட்டியிருக்கிறேன்.

“நான் கேட்டு வாங்கிக் குடுத்த வேலைப்பா அது. ஆட்கள் என்ன நினைப்பாங்க?”

“நல்ல கதிரைதான் புள்ள. நான் கொறை சொல்லல. ஆனா கதிரையில உக்காந்துக்கிட்டே பறக்கிறேன்னு அம்மன்கிட்ட நான் சொல்லலியே.”

“நேர்த்தியை வேற மாதிரிச் செய்யலாம். பால்குடம் எடுக்கலாம்.”

“நீ பரீட்சைக்கு வேற பாடமா எழுதுன? குடுத்த பாடத்தத்தான எழுதுன?” என்றார். கத்தியின் கூரைக் கட்டைவிரலில் பார்த்தபடியே சொன்னார்.

முதல் வாரம் அவர் படாத பாடு பட்டார். வீட்டுக்கு வந்தால் கையைத் தூக்கிச் சோறு பிசைய முடியாது. அம்மா ஊட்டினாள். “இந்த வயசுல கண்ணாலம் கட்டின புதுசு மாதிரி இருக்கு” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா சொன்னாள். எனக்கும் வேறொரு விதத்தில் பாடுதான். காலையில் நான் போகும் பஸ் கவ்வாத்து மலையைச் சுற்றித்தான் வளைந்து ஏறும். நடத்துனர் ஒரு நாள்கூட விடவில்லை. “டீச்சர், அந்தா அப்பா நிக்கிறாரு!” என்பார். பஸ் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பும். முதல் இரண்டு நாள் நான் கைப்பையில் எதையோ தேடினேன். அதற்கடுத்த நாள் என் வகுப்புப் பையன்கள் ஜன்னலில் தொங்கி, “உதாரணம்! உதாரணம்!” என்று கத்தினார்கள். மலையில் நின்றிருந்த அப்பா, இன்னாரென்று தெரியாமலே கத்தியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். அன்று நானும் எழுந்து நின்று கையசைத்தேன். என் அப்பாவை யாரோ ஒரு கண்டக்டர் எனக்கு அறிமுகப்படுத்த வேண்டிய நிலை வரக்கூடாது என்று தோன்றியது.

கசப்புப் பொடியின் மிச்சத்தையும் அம்மா வீணாக்கவில்லை. இம்முறை உருண்டை இல்லை. தண்ணீரில் கலக்கிப் போத்தலில் கொடுத்துவிட்டாள். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ரொட்டியும் அளவாகிவிட்டது, மலையிலே யாரும் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பதில்லை. கவ்வாத்தில் விழுந்த மிலாறுக் குச்சி விறகுக்கு வந்ததில் அம்மாவுக்கு மட்டும் இரட்டைச் சந்தோஷம்.

காப்புக் கட்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் செடில்காரர் வந்தார். லயத்தில் இந்த முறை முழுப் பேரும் கூடிவிட்டார்கள். அப்பா சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். வயிறு முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் தோளும் முதுகும் வேறு ஆளுடையவை. செடில்காரர் கிள்ளினார். பிடி நழுவியது. மறுபடி கிள்ளினார்.

“இப்பத்தான் இது முதுகு” என்றார்.

அம்மா அழுதேவிட்டாள். அத்தை மகன் ஹட்டனிலிருந்து தொலைபேசியில், “பாத்தீங்களா மாமா, பொடி வேலை செஞ்சிருக்கு” என்றான். அம்மா, அம்மன் செயல் என்றாள். அப்பா கத்தியைப் பார்த்தார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், தீர்ப்புக்காக. நான் உள்ளதைச் சொன்னேன். பொடி குடித்தார், மலை வேலை செய்தார், சீனியையும் ரொட்டியையும் குறைத்தார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எது கொழுப்பைக் குறைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குச் சந்தேகம் கத்தி மேல்தான். ஆனால் சந்தேகம் விஞ்ஞானம் ஆகாது.

“இதச் சொல்றதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?” என்றாள் அம்மா.

“ஆமா” என்றேன். உண்மையில் அதற்குத்தான் படித்தேன்.

திருவிழா அன்று காலையில் மழை இல்லை. ஆற்றங்கரையில் கொக்கிகளைக் குத்தியபோது நான் பார்க்கவில்லை. தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறந்தபோது டிரெக்டரின் மரம் மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. கயிறுகள் இறுகின. அப்பாவின் முதுகுத் தோல் கூடாரம்போல் பல இடங்களில் கூர்ந்து எழுந்தது. கால் தரையை விட்டது. எங்கள் லயத்து ஆட்கள் எல்லோரும் ஒரே குரலில் அரோகரா என்றார்கள். கொக்கி நின்றது.

அவர் கைகளை விரித்துக்கொண்டு தேயிலைக்கு மேலே போனார். கையில் வேப்பிலை, முகத்தில் வலி இருந்ததா என்று கீழிருந்து தெரியவில்லை. கவ்வாத்து மலையைச் சுற்றும் பாதையில் டிரெக்டர் தள்ளாடி ஏறியபோது மரமும் ஆடியது. நான் செருப்பில்லாமல் கீழே நடந்தேன். நான் கம்பஸுக்குப் போனதற்காக ஒரு மனிதர் இப்படித் தொங்கிக்கொண்டு வருகிறார் என்று பக்கத்துத் தோட்டத்துப் பெண்களிடம் எங்கள் அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். அவர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, பார்க்க வேண்டாம் என்று எனக்கு இருந்தது.

கோயில் வாசலில் இறக்கி, கொக்கிகளைக் கழற்றி, திருநீறு அப்பி உட்காரவைத்தார்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தார். முகம் அமைதியாக இருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். அவருக்குள் என்ன நடந்திருக்கும், மேலே என்ன நினைத்திருப்பார் என்று கேட்கக் குனிந்தேன். அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. அவரோடு கவ்வாத்தில் பக்கத்து நிரை வெட்டிய மாமாவைக் கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார். மாமா வந்ததும் அப்பா தண்ணீரைக்கூடக் குடிக்காமல் தொடங்கினார்.

“மேலருந்து பார்த்தேன்டா. கவ்வாத்து மலை முழுக்கத் தெரியுது. என் நிரை நூல் புடிச்ச மாதிரி ஒரே மட்டமா இருக்கு. ஒன் நிரை ஆடு மேஞ்ச மாதிரி கெடக்கு.”

“அட போய்யா! வலியில ஒனக்குக் கண்ணு இருட்டியிருக்கும்.”

“எனக்கா? தெளிவாத் தெரிஞ்சிச்சு. நடுவுல ரெண்டு செடிய வெட்டாமலே விட்டிருக்க.”

“நான் நம்பமாட்டேன்.”

“நம்பாட்டி போ. பறந்தவனுக்குத்தான் தெரியும்.”

மாமா கழுத்தை நீட்டி மலைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு கோயில் பக்கம் திரும்பி, கையைக் குவித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“தாயே, வர்ற வருஷம் நானும் பறக்கிறேன். இவன் சொல்றது பொய்யின்னு நானே பார்த்துட்டு வந்து சொல்றேன்.”